முதல் குவார்ட்டரில் ஏன் இப்படி? சிட்னி ஸ்வான்ஸ் ரசிகர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

2024 ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) தொடரில் சிட்னி ஸ்வான்ஸ் 23 ஆட்டங்களில் 17-ஐ வென்று பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் 14 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. அந்த அணியின் ரசிகர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஆட்டம் தொடங்கியதும் எதிரணி கோல் மேல் கோல் போடும். நம்மவர்கள் பிறகுதான் விழித்துக்கொண்டு துரத்துவார்கள். பல வாரங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. இதை எப்படிச் சரிசெய்வது என்று ரசிகர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. நான் ஒரு கட்சி சார்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தை வேகமாக்குவது பற்றிய பேச்சில் எனக்கு அக்கறை குறைவு. இரண்டாவது கோல் வாங்கிய பிறகு ஐந்தாவது கோல் வரை போகாமல் தடுப்பதுதான் உண்மையான வேலை.

இந்த விளையாட்டே எனக்குப் புதிது. ‘ஸ்லோ ஸ்டார்ட்’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். பக்கத்துக்கு 18 பேர் களத்தில். கிரிக்கெட்டில் பார்த்துப் பழகிய சிட்னியின் எஸ்.சி.ஜி.யிலும் மெல்பர்னின் எம்.சி.ஜி.யிலும்தான் குளிர்காலத்தில் இந்த ஃபுட்டி நடக்கிறது. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. ஸ்கோரை 4.5 (29) என்று எழுதுவார்கள். நான்கு கோல், ஐந்து பிஹைண்ட், மொத்தம் 29 என்று அர்த்தம்.

ஆட்டத்துக்கு நான்கு குவார்ட்டர். குவார்ட்டருக்கு 20 நிமிடம் என்று பேர். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்பதால் உண்மையில் அரை மணி நேரம் வரை இழுக்கும். முதல் குவார்ட்டர் முடியும்போது மூன்று, நான்கு கோல் பின்தங்கி நிற்பதைத்தான் ரசிகர்கள் ஸ்லோ ஸ்டார்ட் என்கிறார்கள்.

ஸ்வான்ஸ் மெதுவாகத் தொடங்குவது உண்மையா, நம் பிரமையா?

இரண்டும் கலந்தது. 2024 செப்டம்பரில் எஸ்.சி.ஜி.யில் நடந்த முதல் இறுதிச்சுற்று ஆட்டத்தில் அதே ஊர் அணியான ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸிடம் நான்கு கோலுக்கும் மேல் பின்தங்கினார்கள்; கடைசியில் ஐசக் ஹீனி தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதுபோல 6 புள்ளியில் ஜெயித்தார்கள். அந்த மாதிரி ஆட்டம் மனதில் ஒட்டிக்கொள்ளும். முதல் குவார்ட்டரிலேயே முன்னிலை பெற்று அப்படியே சுகமாக முடிந்த ஆட்டங்களும் அந்த ஆண்டு இருந்தன, அவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் அடிலெய்டு போய் போர்ட் அடிலெய்டிடம் 112 புள்ளியில் தோற்றார்கள். அதை ஸ்லோ ஸ்டார்ட் கணக்கில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு புள்ளியை ஒரு குவார்ட்டர் தலையில் கட்ட முடியாது. அன்று தொடக்கம், நடு, முடிவு எல்லாமே போச்சு.

ஒரு கோல் வாங்கினால் ஏன் வரிசையாக நாலு கோல் வாங்குகிறார்கள்? மனம் தளர்ந்துவிடுகிறதா?

என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்தின் சாவியும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பதில் மனதில் இல்லை, விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

கால்பந்தில் கோல் வாங்கிய அணிதான் நடுவிலிருந்து பந்தை உதைத்துத் தொடங்கும். கூடைப்பந்திலும் புள்ளி கொடுத்த அணிக்குத்தான் பந்து. ஃபுட்டியில் அந்தக் கருணை கிடையாது. கோல் விழுந்ததும் பந்து நடுவட்டத்துக்குப் போகும், நடுவர் அதை எழுப்புவார், இரு அணிகளின் ரக்மேனும், அதாவது அதற்கென்றே நிற்கும் உயரமான ஆளும், எகிறித் தட்டுவார்கள். யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு. எதிரணியின் நடுக்களம் அன்று கொஞ்சம் மேலோங்கி இருந்தால், கோல் போட்ட அதே கையோடு பந்தை மறுபடி எடுத்துக்கொண்டு வரலாம். பிறகு மறுபடியும்.

இதன் மேல் 2019-இல் 6-6-6 விதி வந்து சேர்ந்தது. நடுவில் பந்து எழும்போது ஒவ்வொரு அணியும் இரு முனையிலும் கோலிலிருந்து 50 மீட்டரில் வரைந்த வளைவுகளுக்குள் ஆறாறு பேரை நிறுத்த வேண்டும், மீதி ஆறு பேர் நடுவில். அவர்களில் நான்கு பேர் நடுச்சதுரத்துக்குள். அதற்கு முன்பு இரண்டு கோல் வாங்கியதும் பயிற்சியாளர் ஒருவரைப் பின்னால் கூட்டி நிறுத்திவிடுவார்; ரத்தக் கசிவுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. இப்போது பந்து எழும் கணத்தில் அந்தக் கட்டுப் போட அனுமதி இல்லை. தற்காப்புக்கு ஆறு பேர், தாக்க வருபவர்களும் ஆறு பேர், நடுவே வெட்டவெளி. நடுவில் பந்தைப் பறிகொடுத்தால் பத்துப் பன்னிரண்டு வினாடியில் அது உங்கள் கோல் முகப்பில் இருக்கும்.

கோப்பை யாருக்கு என்று தீர்மானிக்கும் 2021 கிராண்ட் ஃபைனலைப் பாருங்கள். பெர்த்தில் மூன்றாவது குவார்ட்டர் நடுவில் மெல்பர்ன் அணி வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 19 புள்ளி பின்தங்கியிருந்தது. அந்தக் குவார்ட்டர் முடிவதற்குள் ஏழு கோல். முடிவில் 74 புள்ளி வெற்றி. புல்டாக்ஸ் ஆட்டக்காரர்கள் திடீரென்று கோழைகளாகிவிடவில்லை. நடுவட்டத்தில் பந்து அவர்கள் கைக்கு வரவே இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் முதல் நடுச்சதுரத்தில் யாரை நிறுத்த வேண்டும்?

கேலம் மில்ஸ், டெய்லர் ஆடம்ஸ் இருவருக்கும் காயம், லூக் பார்க்கரும் இல்லை என்ற நிலையில்தான் 2024-இல் ஹீனியை முன்களத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அது லாட்டரி அடித்ததுபோல ஆனது. ஹீனி, சாட் வார்னர், எரோல் குல்டன் மூவரும் அந்த ஆண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மெல்பர்ன் அணியிலிருந்து வந்த ரக்மேன் புரோடி கிரண்டி அவர்களுக்குப் பந்தைத் தட்டிக்கொடுப்பார்.

சிக்கல் எங்கே என்றால், வார்னரும் குல்டனும் பந்து நமக்கு வரும் என்று நம்பி ஓடத் தொடங்குபவர்கள். வந்தால் திருவிழா. வராவிட்டால் பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவே அவர்கள் இருக்கமாட்டார்கள், தப்பான பக்கத்தில் நிற்பார்கள். ஆட்டம் தொடங்கிய புதிதில் எதிரணியின் கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும். அந்த இடைவெளி அப்போது அதிகம் வலிக்கும். நான்காவது குவார்ட்டரில் அதே இடைவெளியில் ஓட எதிரணிக்கு மூச்சு இருக்காது. நம்மவர்கள் கடைசியில் பறப்பதும் முதலில் அடிபடுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் யோசனை: முதல் பந்துக்கு மூன்று பேரையும் நிறுத்தலாம். எதிரணி தொடர்ந்து இரண்டு கோல் போட்டுவிட்டால், அடுத்த நடுப்பந்துக்கு மூவரில் ஒருவரை விங்குக்கு, அதாவது நடுப்பகுதியின் ஓரத்துக்கு, அனுப்பிவிட்டு மில்ஸ் மாதிரி ஒருவரைப் பந்துக்குப் பின்புறம் நிறுத்த வேண்டும். அவர் வேலை பந்தை எடுப்பது கூட இல்லை. எதிரணி எடுத்தால் நேராக உதைக்கவிடாமல் பக்கவாட்டில் தள்ளுவது. பந்து பக்கவாட்டில் போய் எல்லைக்கோட்டைத் தாண்டினாலே நமக்கு லாபம். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் கூடுதல் ஆளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். 6-6-6 விதி நடுப்பந்துக்கு மட்டும்தான்.

தொடக்கத்திலிருந்தே ஒரு ஆளைப் பின்னால் கூடுதலாக நிறுத்திவிட்டால் என்ன?

பந்து எழுந்த மறுகணம் விங்கில் இருப்பவர் பின்னால் ஓடலாம், விதி தடுக்காது. பல அணிகள் செய்கின்றன. ஆனால் பின்னால் ஒருவர் கூடினால் முன்னால் ஒருவர் குறைவு. நம் ஆள் பந்தை முன்னே உதைக்கும்போது எதிரணியிலும் ஒருவர் சும்மா நின்று அதைப் பிடிப்பார், அடுத்த வினாடி திரும்பி வரும். கோல் குறைவாக வாங்குவோம், கோல் போடவும் மாட்டோம்.

பால் ரூஸ் பயிற்சியாளராக இருந்தபோது ஸ்வான்ஸ் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆடியது. 2005-இல் லீக்கின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ டெமட்ரியூவே அந்த ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகக் குறைசொன்னார். அதே ஆண்டு 8.10 (58), 7.12 (54) என்ற கணக்கில் வெஸ்ட் கோஸ்ட்டை வீழ்த்திக் கோப்பையும் வாங்கினார்கள். சவுத் மெல்பர்ன் என்ற பெயரில் 1933-இல் வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் கோப்பை. எனவே அசிங்கம் என்று சொல்லி இந்த யோசனையை ஒதுக்க நான் தயாரில்லை. இப்போதைய அணியின் பலம் ஓட்டத்தில் இருப்பதால் முழு நேரத் திட்டமாக இது ஒத்துவராது. எதிரணி அலை அடிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மருந்தாக வைத்துக்கொள்ளலாம்.

எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை முதல் நிமிடத்திலிருந்தே ஒருவரை விட்டு ஒட்டிக்கொள்ளச் சொன்னால்?

டேக்கிங் என்பது அதுதான். ஜேம்ஸ் ஜோர்டன் 2024-இல் அந்த வேலையைச் செய்திருக்கிறார். ரசிகர்களில் பாதிப் பேர் இதைத்தான் எப்போதும் கேட்கிறார்கள்.

எதிரணியில் பந்தை வென்று கோல் வரை கொண்டுபோகிறவர் ஒரே ஒருவர் என்றால் செய்யலாம். நான்கு பேர் பகிர்ந்து செய்கிற அணிக்கு எதிராக ஒருவரை ஒட்டி என்ன பயன்? நம்மில் ஒருவரைச் செலவழித்ததுதான் மிச்சம். பிரிஸ்பேன் அப்படிப்பட்ட அணி.

கோல் எல்லாமே நடுப்பந்திலிருந்துதான் வருகிறதா?

இல்லை. லீக் முழுவதையும் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட புள்ளிகள் டர்ன்ஓவரிலிருந்து, அதாவது ஒரு அணி கையில் இருந்த பந்தை மற்றது பறிப்பதிலிருந்து வருகின்றன. அதிலும் தன் பாதியில் வைத்துப் பறிகொடுப்பது மகா பாவம். எல்லோரும் தாக்குவதற்காக விரிந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து போய்விட்டால் காப்பதற்கு ஆள் ஏது?

நிக் பிளேக்கி பின்களத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு குறுக்கே ஓடும்போது எஸ்.சி.ஜி. முழுக்க எழுந்து நிற்கும். முதல் பத்து நிமிடத்தில் அதே குறுக்கு உதை தவறினால் நேரே கோல். தொடக்கத்தில் கோட்டோரமாக உதைத்து ஏற்றுங்கள், கூட்டமாகப் பந்துக்குச் சண்டை போடுங்கள், நடுவழியை இரண்டாவது குவார்ட்டரில் திறந்துகொள்ளலாம் என்று ஒரு கட்சி உண்டு. நான் அதில் அரை உறுப்பினன். பிளேக்கியைக் கட்டிப்போட மனம் வரவில்லை. அவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த விதியைப் போடலாம்.

இன்னொரு வாசலும் உண்டு: நம் கோலுக்குப் பக்கத்தில் நடக்கும் த்ரோ-இன், அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை நடுவர் உள்ளே எறிவது. 2022 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கின் டாம் ஹாக்கின்ஸ் ஆட்டத்தின் முதல் இரண்டு கோல்களையும் இப்படித்தான் போட்டார். பந்து உள்ளே வந்தது, ரக் போட்டியிலேயே பிடுங்கினார், உதைத்தார். அவ்வளவு கனமான ஆளைத் தோளால் தள்ளி இடம் கொடுக்காமல் நிற்க ஒருவரை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். இது உத்வேகத்தால் தீரும் விஷயம் அல்ல, முந்திய நாள் கூட்டத்தில் ‘யார்’ என்று பெயர் எழுதித் தீர்க்க வேண்டியது.

முதல் பத்து நிமிடம் பந்தைச் சும்மா கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்தினால்?

15 மீட்டராவது போகும் உதையைப் பிடித்தால் ‘மார்க்’, பிடித்தவர் நிதானமாக அடுத்ததை உதைக்கலாம். இப்படிச் சின்னச் சின்னதாக உதைத்துப் பந்தை நம்மிடமே வைத்திருப்பது எதிரணியின் அலையை அடக்க நல்ல வழி. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே அடக்க எந்த அலையும் இல்லை. இரண்டு கோல் வாங்கிய பிறகு செய்ய வேண்டியதை முதலிலேயே செய்து வீணாக்காதீர்கள்.

பயிற்சியாளர் மேலே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்? ஆள் அனுப்பிச் சொல்லக் கூடாதா?

செய்தி கொண்டுபோகும் ரன்னர் இஷ்டத்துக்குக் களத்தில் சுற்றிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2019-இல் வந்த கட்டுப்பாட்டின்படி கோல் விழுந்த பிறகுதான் அவர் உள்ளே போகலாம், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். கோல் வாங்காமலே நெருக்கடியில் இருக்கும் அணிக்கு இது கஷ்டம். வரிசையாகக் கோல் வாங்கும் அணிக்கு, கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

அதனால்தான் முன்பே பேசிவைத்த ஒரு திட்டம் வேண்டும் என்கிறேன். இரண்டு கோல் தொடர்ந்து போனால், ரன்னர் வந்தாலும் வராவிட்டாலும், நடுச்சதுரத்தில் யார் மாறுவது, எந்த விங் பின்னால் இறங்குவது, கிரண்டி பந்தை எந்தப் பக்கம் தட்டுவது என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் இடைவேளைக்குக் கிடைப்பது ஆறு நிமிடம்தான், அதுவும் களத்திலேயே வட்டமாக நின்றபடி. அதற்குள் பலகையில் கோடு போட்டுப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

நட்சத்திரங்களை முதல் குவார்ட்டரில் வெளியே எடுக்காமல் விட்டுவைத்தால்?

இன்டர்சேஞ்ச் என்னும் ஆள் மாற்றத்துக்கு 2021 முதல் ஆட்டத்துக்கு 75 என்று வரம்பு. அதற்கு முன் 90. ஹீனியையும் வார்னரையும் முதல் அரை மணி நேரம் முழுக்க ஓடவிட்டால், கடைசிக் குவார்ட்டரில் அதற்கான வட்டியைக் கட்ட வேண்டும். ஸ்வான்ஸ் எத்தனை ஆட்டத்தைக் கடைசியில் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இந்த யோசனையைச் சொல்லுங்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று பேரையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல் இருப்பது. முதல் குவார்ட்டரின் நடுவில், சிறந்த நடுக்களம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்று நான்கு நிமிடத்தில்தான் பல அணிகள் அடி வாங்குகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது கோல் விழும் நேரத்தில் பெஞ்சில் யார் என்று கவனியுங்கள்.

டாஸ், காற்று?

பேசப்படுவதைவிட முக்கியம். டாஸ் வெல்லும் கேப்டன் எந்த முனையை நோக்கி ஆடுவது என்று தேர்ந்தெடுப்பார். குவார்ட்டருக்குக் குவார்ட்டர் முனை மாறும். பலத்த காற்று ஒரு பக்கம் அடிக்கும் நாளில் எதிர்காற்றில் ஆடி மூன்று கோல் பின்தங்குவது ஸ்லோ ஸ்டார்ட்டே அல்ல. இரண்டாவது குவார்ட்டர் முடியட்டும், பிறகு திட்டுங்கள். மெல்பர்னின் டாக்லண்ட்ஸ் மைதானத்தில் கூரையை மூடிவிட்டால் இந்தச் சாக்கும் போய்விடும்.

விமானப் பயணக் களைப்பு காரணமா?

ஸ்வான்ஸ் அடிக்கடி பறக்கும் அணிதான். ஆனால் சொந்த எஸ்.சி.ஜி.யிலேயே, பக்கத்து வீட்டு ஜயன்ட்ஸுக்கு எதிராகவே பின்தங்கினார்களே! அன்று யாரும் விமானம் ஏறவில்லை.

மைதானத்தின் அளவு?

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எஸ்.சி.ஜி. சுமார் 155 மீட்டர் நீளம், 136 மீட்டர் அகலம், எம்.சி.ஜி. இரண்டிலும் சில மீட்டர் பெரியது. அகலம் கூடினால் நடுப்பந்தை வென்ற அணிக்கு ஓட இடம் அதிகம், மூடவேண்டிய அணிக்கு ஓட்டம் அதிகம். சிறிய மைதானத்தின் தூரங்களுக்குப் பழகிய கால்கள் புது அளவுக்குச் சரிப்பட நேரம் எடுக்கும் என்பதை நம்புகிறேன். கிராண்ட் ஃபைனல் வழக்கமாக எம்.சி.ஜி.யில் நடப்பதால் இது வெறும் பேச்சு இல்லை.

ஆட்டத்துக்கு முன் நன்றாக உசுப்பேற்றிவிட்டால் சரியாகிவிடாதா?

இல்லை. ஏற்கெனவே உசுப்பேறியவர்கள்தான் முதல் நிமிடத்தில் ஃப்ரீ கிக் கொடுக்கிறார்கள்.

முதல் இடைவேளை ஸ்கோரை எப்படிப் படிப்பது? எப்போது கவலைப்படுவது?

புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு முன், எத்தனை முறை கோலை நோக்கி உதைத்தார்கள் என்று பாருங்கள். இரண்டு கிராண்ட் ஃபைனல்களை எடுத்துக்கொள்ளலாம்.

2012-இல் ஹாதார்னுக்கு எதிராக முதல் குவார்ட்டர் முடிவில் ஹாதார்ன் 4.5 (29), ஸ்வான்ஸ் 1.4 (10). பத்தொன்பது புள்ளி பின்தங்கல், எந்த ரசிகனுக்கும் வயிறு கலங்கும். ஆனால் உதைகளை எண்ணினால் ஒன்பதுக்கு ஐந்து. பந்து நம் பக்கமும் வந்துகொண்டுதான் இருந்தது, குறிதான் தவறியது. இரண்டாவது குவார்ட்டரில் ஸ்வான்ஸ் ஆறு கோல் போட்டது, ஹாதார்னுக்கு ஒரு கோலும் இல்லை. முடிவில் 91–81, கோப்பை நமக்கு.

2022-இல் ஜீலாங்குக்கு எதிராக அதே நேரத்தில் ஜீலாங் 6.5 (41), ஸ்வான்ஸ் 1.0 (6). பதினொரு உதைக்கு ஒரே ஒரு உதை. அங்கே குறி தவறவில்லை, பந்தே போகவில்லை. 81 புள்ளியில் தோற்றோம்.

இரண்டையும் ஸ்லோ ஸ்டார்ட் என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் விவாதம் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. முதலாவதுக்கு எதையும் மாற்றக் கூடாது. இரண்டாவதுக்கு எல்லாவற்றையும், முதல் இடைவேளைக்குக் காத்திருக்காமல், மாற்ற வேண்டும்.

2024 கிராண்ட் ஃபைனலில் தோற்றதும் தொடக்கத்தால்தானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அது எனக்குத் தீராத எரிச்சல். பிரிஸ்பேனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் முதல் குவார்ட்டர் நெருக்கமாகவே போனது. உடைந்தது இரண்டாவதில். பிரிஸ்பேன் அடுக்கடுக்காகக் கோல் போட்டது, பாதி ஆட்டத்துக்குள் கதை முடிந்தது. 18.12 (120), 9.6 (60).

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012-இல் தொடக்கம் மோசம், வெற்றி. 2022-இல் தொடக்கம் மோசம், படுதோல்வி. 2024-இல் தொடக்கம் பரவாயில்லை, படுதோல்வி. தோற்ற இரண்டிலும் பொதுவாக இருப்பது எது? எதிரணி ஓட ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை என்பது. அது எந்தக் குவார்ட்டரில் நடந்தது என்பது இரண்டாம்பட்சம். 2006-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்: பாதி நேரத்தில் வெஸ்ட் கோஸ்ட்டிடம் 25 புள்ளி பின்தங்கி, கடைசியில் 84–85 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். நிறுத்தத் தெரிந்த அணி தோற்றாலும் அந்த அளவில்தான் தோற்கும்.

பின்தங்கி ஜெயிப்பது அதிர்ஷ்டமா? எவ்வளவு வரை துரத்தலாம்?

சரித்திரத்தில் அதிகபட்சம் 69 புள்ளி. 2001-இல் நார்த் மெல்பர்ன் இரண்டாவது குவார்ட்டருக்குள் அவ்வளவு முன்னிலை பெற்றது, எசண்டன் துரத்தி 171–159 என்று வென்றது. நடுப்பந்து விதி தோற்பவர்களுக்கும் அதே உதவியைச் செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

கோப்பை ஆட்டத்தில் என்றால் 1970. பாதி நேரத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி, உதைப்பதை விட்டுவிட்டு ஹேண்ட்பால் (பந்தைக் கையால் குத்திக் கொடுப்பது) ஆடி ஓடுங்கள் என்றார். பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். அவர் நான்கு கோல் போட்டார், கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது. 1,21,696 பேர் நேரில் பார்த்தார்கள். அதே ஹாப்கின்ஸ்தான் பிற்காலத்தில் ஏ.எஃப்.எல். புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாம் இன்று கிளியரன்ஸ் (கூட்டத்திலிருந்து பந்தை வெளியே எடுப்பது), டர்ன்ஓவர் என்று எண் சொல்லிச் சண்டை போடுவதற்கு அவரும் ஒரு காரணம்.

பராசி செய்ததைக் கவனியுங்கள். இன்னும் கடுமையாகப் போராடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. ஆட்டமுறையை மாற்றினார், ஒரு ஆளை மாற்றினார்.

டீன் காக்ஸ் இதைச் சரிசெய்வாரா?

2011 முதல் பயிற்சியாளராக இருந்த ஜான் லாங்மயர் 2024 தோல்விக்குப் பிறகு விலகினார், உதவியாளராக இருந்த காக்ஸ் பொறுப்பேற்றார். அவருடைய முதல் ஆண்டான 2025-இல் அணி இறுதிச்சுற்றுக்கே வரவில்லை. 2006-இல் நம்மை ஒரு புள்ளியில் வீழ்த்திய வெஸ்ட் கோஸ்ட்டின் ரக்மேன் அவர். நடுவட்டத்தில் பந்தைத் தட்டித் தட்டியே வாழ்ந்தவருக்கு அந்த வட்டத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் சரியான வழியில் போகிறாரா என்று அறிய முதல் குவார்ட்டர் ஸ்கோரை நான் பார்க்கமாட்டேன். எதிரணி தொடர்ந்து இரண்டாவது கோல் போட்டதும் தொலைக்காட்சியில் கோல் கொண்டாட்டத்தைக் காட்டுவார்கள். கேமரா நடுவுக்குத் திரும்பும்போது சதுரத்துக்குள் நிற்கும் நான்கு பேரில் ஒருவராவது மாறியிருக்கிறாரா, நம் விங்கில் நிற்பவர் பின்னால் சாய ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். அதே நான்கு பேர் அதே இடத்தில் நின்றால், மூன்றாவது கோலுக்குத் தயாராக இருங்கள்.